ஆறு மணிக் காகிதம்

டீ குடிக்கப் போனாலும் காளியம்மாள் தெருமுனையில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்ப்பார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். எதையும் மறந்து வைத்துவிட்டு வந்திருக்கவும் மாட்டார். வந்த வழியை, விரித்த துணியைக் கண்ணாலேயே அளப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே நடப்பார். நீடாமங்கலம் கடைத்தெருவில் ஒன்பது வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் மீரா உசேன். கயிறும் சாக்கும் தார்ப்பாயும் விற்கிற கடை அவருடையது. கடையின் முன்கூரைக்குக் கீழே மெஷினைப் போட்டுக்கொண்டு தார்ப்பாய் தைக்கிறவர் காளியம்மாள்.

"யாரும்மா வர்றா பின்னால?" என்று முதல் வருஷம் கேட்டார் பாய். கடைத்தெருவில் எல்லோருக்கும் அவர் பாய்தான்.

"வழியப் பாத்துக்கிறேன் பாய். வழிக்குப் போறப்ப ஒரு மூஞ்சி, வர்றப்ப ஒரு மூஞ்சி. ரெண்டையும் பாத்து வச்சாதான் மலையில திரும்பி வர முடியும்."

"இது மலையா? பஸ் ஸ்டாண்டும்மா!"

"பழக்கம் வேணும்ல."

காளியம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. ஒடிசலான உடம்பு, ஊசி தள்ளித் தள்ளிக் காய்த்துப்போன கட்டைவிரல். கழுத்தில் தாலிச்சரடோடு இன்னொரு கயிறும் கிடக்கும். அதில் ஒரு சிவப்பு விசில். கொள்முதல் நிலையத்தில் நெல் குவிந்து கிடக்க, மேற்கே வானம் கறுத்தால் பாதி ஊர் அவரிடம்தான் ஓடிவரும். கிழிந்த தார்ப்பாயை விரித்துப் போட்டு, "கத்தாதீங்க, மழைக்குக் கேட்டுடும்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டை அடைப்பார். அறுவடை முடிந்து கோடை வந்தால் வேலை குறையும். அப்போது முதுகில் பையை மாட்டிக்கொண்டு தனியாக மலையேறப் போய்விடுவார். இரண்டு ராத்திரி, மூன்று பகல். பச்சைமலை, கொல்லிமலை, அதற்கும் மேற்கே பெயர் தெரியாத குன்றுகள்.

இந்த ஆசை வந்தது ஒரு பழுது வேலையில். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியின் மலையேற்றக் குழு, கிழிந்த கூடாரங்கள் பன்னிரண்டைத் தைக்கக் கொடுத்தது. தைத்து முடித்ததும் ஒன்றைக் கடைக்குப் பின்னால் நிறுத்தி, மேலே தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, ஒழுகுகிறதா என்று பார்க்கக் காளியம்மாள் உள்ளே போனார். ஜிப்பை இழுத்து மூடினார். பாய் இரண்டு குடம் ஊற்றினார். மூன்றாவது குடமும் ஊற்றினார். ஆள் வெளியே வரவில்லை.

"ஒழுகுதா இல்லையா? சொல்லித் தொலையேன்!"

"சத்தம் போடாதீங்க பாய்" என்றது கூடாரம். "நான் இருக்கறது யாருக்கும் தெரியல."

அன்று அரைமணி நேரம் உள்ளேயே இருந்தார். பாய்க்கு அது விளங்க நாளாயிற்று. காளியம்மாளின் வீட்டில் பதினோரு பேர். வெளியே வந்தால் வயல். நம் பக்கத்து வயலில் தனியாக நிற்க முடியாது. ஆள் இல்லாத வரப்பில் நின்றாலும், பத்து வயலுக்கு அந்தப் பக்கம் களை பறிக்கிறவர் கண்ணுக்குத் தெரிவோம். "ஏ காளி, எங்க போற?" என்று குரல் வரும். பதில் சொல்லியாக வேண்டும். "மேடு இல்ல, மறைப்பு இல்ல, தாம்பாளத்துல வச்ச மாதிரி ஒரு ஊரு பாய் இது. மலையில ஒரு வளைவு திரும்புனா போதும், நம்மள யாருக்கும் தெரியாது" என்பார்.

"நானும்தான் குவைத்துல பதினாலு வருஷம் தனியா இருந்தேன். போதும் போதும்னு ஆயிடுச்சு" என்றார் பாய்.

"ஒரு ரூம்ல எட்டுப் பேர்னு சொன்னீங்களே. அது தனியாவா?"

"ஆமாம்மா. அதுதான் தனியா."

இரண்டு பேரும் சொல்கிற தனிமை ஒன்றுதானா என்று பாய் பலநாள் யோசித்திருக்கிறார். முடிவுக்கு வந்ததில்லை.

மலைக்கான பை காளியம்மாளே தைத்தது. தார்ப்பாய்த் துண்டுகள், தோளுக்கு மெத்தென்று இருக்க அறுவடை மெஷினின் பழைய சீட்டிலிருந்து எடுத்த பஞ்சு. அவருடைய கணவர் வீரையன் அந்த மெஷின் ஓட்டுகிறவர். சீசனுக்குச் சீசன் ஆந்திரா வரைக்கும் போய்விடுவார். பையை விதைக்கடைத் தராசில் வைத்து எடை பார்ப்பது ஊருக்கே வேடிக்கை. ஏழு கிலோவுக்கு மேல் முள் போனால் எதையாவது வெளியே எடுப்பார். பல்துலக்கும் பிரஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்துவிட்டார். சட்டையில் கம்பெனிப் பெயர் போட்டிருக்கிற துணித்துண்டைப் பிரித்து எறிந்துவிட்டார். ஆனால் ஆரஞ்சுத் தார்ப்பாய் ஒன்று, அவல் இரண்டு படி, பருப்புப்பொடி, தீப்பெட்டி மூன்று, ஒவ்வொன்றும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில். இவற்றில் கை வைக்க மாட்டார். "பிரஷ் இல்லன்னா வாய் நாறும். தீப்பெட்டி நனைஞ்சா ஆளே நாறிடும்."

மலை ஏறப் பழகுவதற்கு டெல்டாவில் மேடு ஏது? ரயில்வே ஸ்டேஷனின் நடைமேம்பாலம்தான் அவருக்கு மலை. விடியற்காலையில் பத்துக் கிலோ விதைநெல்லை முதுகில் ஏற்றிக்கொண்டு இருபது தடவை ஏறி இறங்குவார். மன்னார்குடி வண்டிக்கு நிற்கிற ஜனங்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு, "அக்கா, இன்னிக்கு எத்தனையாவது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அனுமதிச் சீட்டு இல்லாத பாதையில் கால் வைக்க மாட்டார். வழிகாட்டி கட்டாயம் என்கிற காட்டில் வழிகாட்டியை அழைத்துக்கொள்வார். ஆனால் அவர் இருபது அடி தள்ளி, பேசாமல் வரவேண்டும். "அந்தத் தம்பி முக்காமணி நேரம் பேசாம வந்தாரு பாய். அப்பறம் அழுவாத குறையா, அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கவான்னாரு!"

எல்லாவற்றுக்கும் மேல் அந்தக் காகிதம். கிளம்புகிற அன்று காலை, கோடு போட்ட தாளில் காளியம்மாள் எழுதிப் பாயிடம் கொடுப்பார். எந்த மலை, எந்தப் பாதை, எந்த இடத்தில் தங்கல், என்ன நிறச் சட்டை, அடிவாரத்தில் யாருடைய போன் நம்பர். கடைசியில் ஒரு நாளும் மணியும். பெரும்பாலும் ஞாயிறு சாயங்காலம் ஆறு. மேலே சிக்னல் கிடையாது. இறங்கி வந்துதான் போன் செய்ய முடியும். ஆறு மணிக்குள் அவர் போன் வராவிட்டால் பாய் அடிவாரத்துக்குப் போன் செய்ய வேண்டும். ஆறு மணிக்கு முன்னால் செய்யக் கூடாது. காகிதத்தை வாங்கிக்கொள்ள ஆள் இல்லையென்றால் மலைக்குப் போவதில்லை என்பது காளியம்மாள் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம். வீரையன் காதில் மெஷின் சத்தத்துக்கு மேல் எதுவும் விழாது. ஆகவே பாய்.

முதல் தடவை பாய்க்குப் பொறுக்கவில்லை. நாலு மணிக்கே போன் போட்டுவிட்டார். அடிவார கிராமத்து அண்ணாதுரை நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு, மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிற வேலையைப் போட்டுவிட்டு மேலே ஓடினார். காளியம்மாள் ஒரு பாறையில் காலை நீட்டிக்கொண்டு அவல் தின்றுகொண்டிருந்தார். "பாய், புலி வருதுன்னு சும்மா கத்துனா, நெசமா வர்றப்ப ஒருத்தரும் வரமாட்டாங்க. ஆறுன்னா ஆறு. சத்தியம் பண்ணுங்க" என்றார் திரும்பி வந்து. பாய் சத்தியம் பண்ணினார்.

அந்தச் சத்தியத்துக்குச் சோதனை போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மே மாதத்தில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. வழக்கமாக நாலரைக்கெல்லாம் போன் வந்துவிடும். ஐந்து ஆயிற்று, வரவில்லை. பாய் கடை நாற்காலியைச் சுவர்க் கடிகாரத்தின் பக்கம் திருப்பிப் போட்டார். ஐந்தே காலுக்குக் கயிற்றுக்கட்டு ஒன்றைப் பிரித்துத் திரும்பச் சுற்றினார். சோறு கொண்டுவந்த மனைவி ஆமினா முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"போனப் போடுங்களேன்."

"ஆறுன்னு எழுதியிருக்கா."

"எழுதுனது அவ. கயித்தப் பிரிச்சுச் சுத்திக்கிட்டிருக்கறது நீங்க."

"இன்னொரு தடவ சும்மா ஓட விட்டா அவங்க வரமாட்டாங்க ஆமினா."

ஐந்தே முக்காலுக்குள் அதே கயிற்றுக்கட்டை நான்கு முறை பிரித்துச் சுற்றியிருந்தார். நம்பரை அழுத்தி வைத்துக்கொண்டு, பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டதும் போட்டார்.

எட்டரை மணிக்கு அண்ணாதுரை அடிவாரத்திலிருந்து திரும்பக் கூப்பிட்டார். "வந்துட்டாங்க பாய்! காகிதத்துல எழுதுன எடத்துலயே இருந்தாங்க. விசில் சத்தம் பாதி வழியிலயே கேட்டுருச்சு." பிறகு காளியம்மாளின் குரல், மூச்சு வாங்க: "பாய், எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

"ஆறு."

"அப்ப சரி."

நடந்தது இதுதான். ஓடைக்கரை மணலில், தண்ணீருக்கு இரண்டடி தள்ளி, நம் வாய்க்கால் கரையில் படுக்கிற மாதிரி கூடாரம் அடித்திருந்தார். மலைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ பெய்த மழை இவருக்குத் தெரியாது. ஞாயிறு காலை குளித்துக்கொண்டிருந்தபோது ஓடை எழுந்து வந்தது. கையில் அகப்பட்ட பையோடு மேலே ஓடினார். கூடாரமும் போனும் இடதுகால் ஷூவும் போயின. இறங்குகிற பாதை ஓடைக்கு அந்தப் பக்கம். தாண்டப் பார்க்கவில்லை. ஆரஞ்சுத் தார்ப்பாயைப் பாறைமேல் விரித்தார். உட்கார்ந்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மூன்று விசில். நடுநடுவே அவல். அண்ணாதுரையின் ஆட்கள் வந்தபோது தண்ணீர் இடுப்பளவுக்கு வடிந்திருந்தது; கயிறு பிடித்துத் தாண்ட வைத்தார்கள்.

"நம்ம ஊர்ல தண்ணி சொல்லிட்டுதானே வரும் பாய்?" என்று மறுநாள் கடையில் கையை விரித்துச் சிரித்தார். "மேட்டூர் தொறந்தா பேப்பர்ல போடுவான். கல்லணைக்கு மூணு நாளு. நம்ம வாய்க்காலுக்கு வர்றதுக்குள்ள நாத்தே விட்டுடலாம். அங்க தும்மல் மாதிரி வருது!"

கடைத்தெருவே சிரித்தது. பாய் சிரிக்கவில்லை. "இனிமே எங்கிட்ட காகிதம் கொண்டாராத" என்றார்.

காளியம்மாள் மெஷினில் போய் உட்கார்ந்தார். வேறு யாரிடமும் காகிதத்தை நீட்டவில்லை. பை ஆணியில் தொங்கியது. மேம்பாலம் ஏறுவது நின்றது. குறுவை வந்தது, போனது. சம்பாவும் அறுத்தாயிற்று. தையல் மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் தலையைத் தூக்கி அந்தப் பையைப் பார்ப்பார். பாய் அதைப் பார்ப்பார். டீக்குப் போகும்போது தெருமுனையில் நின்று திரும்பிப் பார்ப்பதுகூட நின்றுபோன நாளில்தான் பாய்க்குத் தாங்கவில்லை.

"காளியம்மா, அஞ்சுலேருந்து ஆறு. அந்த ஒரு மணி நேரம் நீ எனக்குத் தரணும்."

"எப்படி பாய் தர்றது?"

"நான் ஒருநாள் தனியா எங்கயாவது போவேன். காகிதத்த நீ வச்சுக்கிட்டு, இந்த நாற்காலியில உக்காந்து, இந்தக் கடிகாரத்தப் பாக்கணும். ஒத்துக்கிட்டா கொண்டா, வாங்கிக்கிறேன்."

காளியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க போவீங்க?" என்றார்.

"பூம்புகார்ல கடலோரமா ஒரு முழுநாள் நடப்பேன்."

"அங்க தனியா எங்க விடுவாங்க? சுண்டல் விக்கிறவனே பாதி தூரம் கூட வருவான்."

பயிற்சிக்கென்று பாய் ஒருநாள் மேம்பாலத்துக்கும் போனார். பாதிப் படியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மன்னார்குடி வண்டிக்கு நின்றவர்கள், "பாய், இன்னிக்கு எத்தனையாவது?" என்று கேட்டார்கள். "அரை" என்றார். ஒவ்வொரு தடவை மலையிலிருந்து வந்ததும் காளியம்மாள் முதலில் கேட்பது, "எப்பப் போறீங்க?" பாய் சொல்வது, "முட்டி சரியாவட்டும்."

இப்போது ஓடையிலிருந்து ஐம்பது அடி உயரத்தில்தான் தங்கல். போன் இடுப்பில், உறைக்குள். காகிதத்தின் கடைசி வரி மட்டும் புதிது: "பாய்க்கு ஒரு மணி நேரம் பாக்கி." திரும்பி வந்ததும் காகிதத்தைக் கிழித்துவிடுவார். அந்த வரியை மட்டும் கிழிப்பதில்லை.

போன வெள்ளிக்கிழமையும் கிளம்பினார். புதுத் தாளில் மலை, பாதை, சட்டை நிறம், நம்பர், ஆறு மணி எல்லாம் எழுதி முடித்தார். பிறகு மெஷின் டிராயரைத் திறந்து, போன தடவை வெட்டி வைத்த அந்த ஒற்றை வரித் துண்டை எடுத்தார். அதன் ஓரத்தில் ஏற்கெனவே மூன்று வரிசை ஊசி ஓட்டைகள். புதுத் தாளின் அடியில் வைத்து, தார்ப்பாய் தைக்கிற நீல நூலால், நாலாவதாக ஒரு தையல் ஓட்டினார். நூலைப் பல்லால் கடித்து அறுத்து, காகிதத்தைப் பாயிடம் நீட்டினார்.