இரண்டு பக்கமும் பூ

தாம்பரம் ரயில் நிலையத்தை ஒட்டிய டூ வீலர் ஸ்டாண்டில் டோக்கன் கிழித்துக் கொடுப்பது என் வேலை. காலையில் வண்டியை விட்டுவிட்டு ரயிலுக்கு ஓடுகிறவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நானும் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பேன். காசாகக் கொடுத்தால் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கல்லாவில் போடுவேன்.

"இன்னாண்ணா, கள்ளக் காசா குடுத்துட்டேன்?" என்று சிலர் கேட்பார்கள். சிரித்து வைப்பேன். பேசுவதற்குச் சின்ன வயதிலிருந்தே எனக்குக் கூச்சம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றதற்கு வீட்டு நிலைமை பாதி காரணம் என்றால், இது மீதி பாதி. வாத்தியார் கேட்டால் தெரிந்த பதிலும் தொண்டையோடு நின்றுவிடும்.

நான் தேடியது அச்சடிக்கும்போது தவறிப்போன காசுகளை. நாணயம் சேர்க்கிறவர்கள் எரர் காசு என்பார்கள். எனக்கும் என் மனைவிக்கும் வேறு பெயர்கள் இருந்தன. அச்சு நடுவில் விழாமல் ஒரு பக்கமாகத் தள்ளி விழுந்திருந்தால் கோணல். ஓரத்தில் பிறை மாதிரி வெட்டுப்பட்டிருந்தால் கடி. ஒரு பக்கம் ஒன்றுமே இல்லாமல் வழுவழுவென்று இருந்தால் மொட்டை. கடைகளில் இதையெல்லாம் செல்லாது என்று தள்ளிவிடுவார்கள். ஒரு டீக்கடைக்காரர் வாங்க மறுத்த கோணல் காசிலிருந்துதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. அந்தக் காசைப் பார்த்தபோது ஏனோ அதைத் திரும்ப யாரிடமும் தள்ளிவிட மனம் வரவில்லை.

ஆரம்பத்தில் என் மனைவி கேலி செய்தாள். "ஊர்ல அவனவன் நல்ல காசா சேக்கிறான். எனக்குன்னு வாச்சது பாரு, ஓட்டக் காசு பொறுக்கிகினு கீது."

கேலி செய்தாளே தவிர, எனக்கு அதிகம் காசு கொண்டுவந்தவளும் அவள்தான். மாடம்பாக்கம் சிவன் கோவில் வாசலில் பூ விற்றாள். நாள் முழுக்க நார் பிடித்துப் பூத்தொடுக்கும் விரல்கள். பார்க்காமலேயே காசின் மேடு பள்ளம் அந்த விரல்களுக்குத் தெரியும். வித்தியாசமாகப் பட்டதை முந்தானையில் தனியாக முடிந்துகொண்டு வருவாள்.

அவள் உட்காரும் இடத்தில் நிழல் கிடையாது. ஒரு பழைய குடை, அதுவும் பூக்கூடைக்குத்தான். தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் இருப்பாள். எதிர்ச்சாரியில் ஷட்டர் போட்ட சின்னக் கடை ஒன்று இருந்தது. வாடகைக்கு விடப்படும்போதெல்லாம் யாராவது முந்திக்கொள்வார்கள். எங்களுக்கு அட்வான்ஸ் புரட்ட முடிந்ததில்லை. பெரிய விலைக்குப் போகிற ஒரு காசு கிடைத்தால் அந்தக் கடை என்பதுதான் எங்கள் கனவு. ராத்திரி சாப்பிட்டபின் அவள் போனில், இந்தக் காசு லட்சத்துக்குப் போகும் என்று ஆட்கள் சொல்லும் வீடியோ பார்ப்போம். அந்த ஆட்கள் சொல்வதில் பாதி பொய் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். இருந்தாலும் பார்ப்போம்.

ஒரு பிரதோஷத்தன்று நல்ல கூட்டம். வீட்டுக்கு வந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ரூபாயை எடுத்தாள்.

"யோவ், பூவா தலையா?"

சிங்கம் போட்ட பக்கம் தலை, எண் போட்ட பக்கம் பூ. எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அந்த ரூபாயில் எண்ணுக்குக் கீழே நிஜமாகவே சின்னப் பூவேலை உண்டு.

"தலை" என்றேன்.

சுண்டினாள். பூ. மறுபடி தலை என்றேன். பூ. மறுபடியும் பூ. எனக்குக் கோபம்கூட வந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, சுவரில் சாய்ந்து சிரித்தாள். அப்புறம் காசை என் உள்ளங்கையில் வைத்து, மெதுவாகத் திருப்பினாள்.

இரண்டு பக்கமும் பூ. சிங்கமே இல்லை.

"பூக்காரி கைக்கு வேற எது வரும்?" என்றாள்.

நான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், தரையில் தட்டி ஓசை கேட்டேன், விளிம்பை நகத்தால் கீறினேன். இரண்டு காசை இழைத்து ஒன்றாக ஒட்டி வித்தை காட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் இதில் ஒட்டு அகப்படவில்லை.

குரோம்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி போட்டிருந்தார்கள். இருவரும் பஸ் பிடித்துப் போனோம். கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு வியாபாரியின் முன்னால் நான் காசை நீட்டினேனே தவிர வாய் திறக்கவில்லை. அவள்தான் பேசினாள்.

"பாத்து சொல்லு சார். ஒட்டு எதனா கீதா?"

அவர் லென்ஸைக் கண்ணில் வைத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒட்டு தெரியலம்மா. அசல் மாதிரிதான் இருக்கு. ஆனா இப்படி வர்றது ரொம்ப அபூர்வம். வெயிட் பாக்கணும், சர்டிபிகேட் வாங்கணும். என்கிட்ட விட்டுட்டுப் போறீங்களா?"

அவள் காசை எடுத்துக் கையை மூடிக்கொண்டாள். "வுட்டுட்டுப் போறதுக்கு இன்னா சார், செருப்பா?"

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த மாதம் திரும்ப வருவதாகவும், அப்போது எடை மெஷினோடு வருவதாகவும் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு இடம் கிடைத்தது. கடைக்கு ஒரு ஃபேன் போட வேண்டும் என்றாள். "எனக்கு இல்லய்யா. பூ வாடக் கூடாதுல்ல" என்று உடனே சேர்த்துக்கொண்டாள். நான் சரி என்றேன். அவள் மூக்குத்தி வாங்கியபோது நகைக்கடையில் கொடுத்த குட்டி ஜிப் கவரை வைத்திருந்தாள். அதற்குள் காசைப் போட்டு, அலமாரியில் என் காசெல்லாம் இருந்த பிஸ்கட் டப்பாவில் வைத்தாள்.

அந்த அடுத்த மாதம் எங்களுக்கு வரவில்லை.

ஒரு மத்தியானம் கோவில் வாசலிலிருந்து போன் வந்தது. நான் போனபோது மதிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், நெஞ்சை அடைக்கிறது என்றாள். ஆட்டோவில் ஏற்றி குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போனோம். சானடோரியம் பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது என் தோளில் தலையை வைத்துக்கொண்டு, "ஸ்டாண்டுல யாரு கீறாங்க?" என்று கேட்டாள்.

"ஆள் கீது, நீ பேசாத."

"அவன் காச பாக்காமலே போட்டுடப் போறான்யா."

அதற்குமேல் அவள் எதுவும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றபோது அவள் தலையின் கனம் வேறு மாதிரி இருந்தது.

மறுநாள் வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு, ஆண்கள் வெளியே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே அவளைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்திருந்தார்கள். நெற்றியில் வைக்க ஒரு ரூபாய் வேண்டும். அவளுடைய பெரியம்மா வாசலுக்கு வந்து கேட்டாள்.

"யார்னா ஒத்த ரூபா காசு குடுங்கப்பா."

எல்லோரும் பையைத் தடவினார்கள். ஒருவரிடமும் இல்லை.

"காசு யாரு பெரிம்மா வச்சிகினு கீறாங்க? எல்லாம் போன்லதான் அனுப்பறது."

"அப்ப நெத்தியில போன ஒட்டவா?"

யாரோ சிரித்துவிட்டு, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். ஒருவர் ஐந்து ரூபாயை நீட்டினார். அது ஆகாது, ஒற்றை ரூபாய்தான் என்று பெரியம்மா சொல்லிவிட்டாள். என் மனைவியின் தம்பி, என் மச்சான், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறவன். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. "இந்த வூட்ல போய் காசுக்கு பஞ்சமா? மாமா டப்பா நெறைய வச்சிகினு கீறாரு" என்று எழுந்து உள்ளே போனான். எனக்கு அது காதில் விழுந்தது. ஆனால் என்ன நடக்கிறது என்று அந்த நேரத்தில் மூளைக்கு எட்டவில்லை.

வாய்க்கரிசி போட என்னைக் கூப்பிட்டார்கள். குனிந்தபோது அவள் தலைமாட்டில் தரையில் அந்த மூக்குத்திக் கவர் கிடந்தது. வாய் பிரிந்து, காலியாக.

நிமிர்ந்து அவள் நெற்றியைப் பார்த்தேன். கெட்டியாகக் குழைத்த சந்தனத்தின் மேல் ரூபாயை ஒட்டியிருந்தார்கள். எண் தெரிந்தது, கீழே பூ தெரிந்தது. பார்க்கிறவர்களுக்கு அது ஒரு சாதாரண ரூபாய். மறுபக்கம் சிங்கம் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேறு காசு வாங்கி வர தெருமுனைக் கடைக்கு ஆள் ஓடியிருக்கும். நான் கையை நீட்டினேன். சுற்றி நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். கடைசியாகத் தொட்டுப் பார்க்கிறான் என்று நினைத்திருப்பார்கள். விரல் காசின் மேல் பட்டதும் அது லேசாக வழுக்கியது. விழுந்துவிடப் போகிறதே என்று பதறி, அழுத்திப் பிடித்தேன். எனக்கே தெரியாமல் பிடித்துவிட்டேன். பிறகு எடுக்கத் தோன்றவில்லை. எடுத்து யாருக்காக விற்பது? அந்தக் கடையில் உட்கார ஆள் இல்லை. சந்தனம் இறுகும்வரை கட்டைவிரலை எடுக்காமல் இருந்தேன். பெரியம்மாதான் வந்து என் கையை விலக்கினாள்.

சுடுகாட்டில் அந்தக் காசு அங்கே வேலை செய்கிறவருக்குச் சேர வேண்டியது, அதுதான் வழக்கம். மின்சார உலைக்குள் தள்ளுவதற்கு முன் அவர் அதைப் பெயர்த்தெடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திருப்பிப் பார்க்கவில்லை. நான் அவர் பையைப் பார்க்கவில்லை, அவள் நெற்றியைத்தான் பார்த்தேன். சந்தனத்தில் காசு இருந்த இடம் வட்டமாகப் பதிந்திருந்தது. நடுவில் எண், கீழே இலையும் பூவும். எந்தப் பக்கமாக வைத்திருந்தாலும் பூதான் பதிந்திருக்கும். அப்புறம் கதவை மூடிவிட்டார்கள்.

காரியம் முடிந்த அன்று சாயங்காலம் மச்சான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து என் கையில் வைத்தான்.

"மாமா, அன்னிக்கு உன் டப்பாவுல இருந்து ஒண்ணு எடுத்தேன். பதிலுக்கு இத வச்சிடு. நீ ஆசையா சேத்தது."

கட்டைவிரலால் ஒரு தடவு தடவித் திருப்பினேன்.

"அதுல எல்லாம் கோணலும் மாணலுமா இருந்துச்சி. அக்கா நெத்திக்கு அத வைக்க மனசு வரல. தேடித் தேடி, இருக்கிறதுலயே முழுசா, பளிச்சுனு இருந்தத எடுத்தேன். தப்பா நெனச்சிக்காத மாமா."

அவன் முகத்தைப் பார்த்தேன். அவளுடைய மூக்கு, அவளுடைய நெற்றி. சொன்னால் அவன் ஆயுசுக்கும் தன்னை மன்னித்துக்கொள்ளமாட்டான். என் தொண்டையில் எப்போதும் போல எல்லாம் நின்றது. கஷ்டப்பட்டு ஒன்றை மட்டும் வெளியே கொண்டுவந்தேன்.

"நல்ல காசுதான்டா எடுத்த."

இப்போது ஸ்டாண்டில் முதலாளி ஸ்கேன் செய்கிற அட்டை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார். காசு கொடுக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். எப்போதாவது ஒரு ரூபாய் வந்தால் தடவுகிறேன், திருப்புகிறேன். சிங்கத்தைப் பார்த்ததும் கல்லாவில் போட்டுவிடுகிறேன்.

மச்சான் கொடுத்த ரூபாயை அந்த மூக்குத்திக் கவரில் போட்டு டப்பாவில் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் தலை, ஒரு பக்கம் பூ. எந்தக் குறையும் இல்லாத காசு. என் டப்பாவில் அப்படி ஒன்றுதான் இருக்கிறது.