கழற்றாத டைனமோ

போட்டி தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. வல்லிபுரத்து மணலில் எல்லோரும் தங்கள் சைக்கிளை உரித்துக்கொண்டிருக்கிறார்கள். மட்காட் போகிறது, கரியர் போகிறது, செயின் கவர் போகிறது. மணிகூடக் கழன்று ஒருவருடைய களிசான் பைக்குள் போகிறது. கனிசியஸ் மட்டும் குந்தியிருந்து, தோளில் கிடந்த சாரத்தால் பின்சில்லோடு இருக்கும் விளக்கு டைனமோவைத் துடைக்கிறார். மணல் புகாமலிருக்க அதற்குப் பழைய ரியூப் துண்டொன்றைச் சட்டையாகப் போட்டிருக்கிறார். மட்காட்டையும் கரியரையும் அவரும் கழற்றிவிட்டார். டைனமோவையும் ஸ்ராண்டையும் தொடவில்லை.

பொழுதுபட்ட பிறகுதான் வந்து சேர்வதாக உத்தேசமோ என்று ஓர் இளைஞன் கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அது கிடக்கட்டும் தம்பி. அது ஆரையும் கடிக்காது" என்றார் கனிசியஸ்.

குருநகர்க்காரர். வயது முப்பத்தாறு என்பார். முப்பத்தெட்டு என்றும் சொல்லியிருக்கிறார். ஆழ்கடலுக்குப் போகத் தடை வந்ததிலிருந்து மீன் வியாபாரி. விடியற்காலையில் பாசையூரில் மீனெடுத்து, கொக்குவில், இணுவில், சுன்னாகம் என்று விற்றுக்கொண்டே போவார். ஐஸைக் கண்ணால் காணாத காலம் இது. வெயில் ஏறுமுன் பெட்டி காலியாக வேண்டும். அந்தக் கால்கள் அப்படி வந்தவைதான். கொக்குவிலில் எங்கள் ஒழுங்கைக்குள் அவருடைய சைக்கிள் கோன் பாம்பாமென்று கேட்டுச் சட்டியோடு வெளியே போவதற்குள் அவர் அடுத்த ஒழுங்கைக்குள் நிற்பார். ஆனால் மீனில் பொய் சொல்ல மாட்டார். "உது நேற்றையான். பொரிக்கலாம், குழம்புக்குச் சரிவராது" என்று அவரே சொல்லிவிடுவார். இப்படி ஒரு வியாபாரி எப்படிப் பிழைக்கிறாரோ தெரியாது.

இந்தப் போட்டி தார் றோட்டில் நடப்பதல்ல. கோயிலடியில் தொடங்கி, மணற்காட்டு மணலுக்குள் இறங்கி, சவுக்கங்காட்டைச் சுற்றி, பனங்கூடல் ஒற்றையடிப் பாதையால் கழக மைதானத்துக்கு வர வேண்டும். இதற்கு அவர் எப்படித் தயாராகிறார் என்று பார்க்க, முந்திய வாரம் வீம்புக்கு நானும் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன். முதல்நாளே என் வீம்பு அரியாலைக் கரை மணலில் புதைந்துபோனது.

மத்தியானம் மீன் விற்று முடிந்ததும் வெறும் பெட்டிக்குள் முருகைக்கல்லை ஏற்றிக்கொள்வார். அந்தப் பாரத்தோடு மணலில் போவதும் வருவதுமாகப் பின்னேரம் முழுவதும் ஓட்டம். நான் விழுந்த இடங்களிலெல்லாம் நின்று தூக்கிவிட்டார். "மணலோடை சண்டை பிடிக்காதையுங்கோ. அது இழுக்கிற பக்கம் கொஞ்சம் விட்டிட்டு, பிறகு நீங்கள் இழுங்கோ" என்று புத்தி சொன்னார். காலையில் முட்டைக் கோப்பி, இரவில் கூழ், தொடைக்கு வேப்பெண்ணெய். வியாழக்கிழமை அவரால் குந்தியிருக்க முடியவில்லை; சுவரைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அப்படி இருந்த மனிதர் பொழுதுபடும் நேரத்தில் எழும்பிப் போய், சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றிவிட்டு மறுபடி அதன்மேல் ஏறினார். எனக்குக் கோபமே வந்தது. கால் ஆற வேண்டாமா என்று கேட்டேன். காதில் விழாதவர் போல மிதிக்கத் தொடங்கினார்.

யுத்தத்தில் மின்சாரம் போய் வருடங்களாகிவிட்டன. பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். ஆகவே யாழ்ப்பாணத்தில் இப்போது செய்தி கேட்க வேண்டுமென்றால் யாராவது சைக்கிள் மிதிக்க வேண்டும். சில்லு சுற்ற, டைனமோ சுற்ற, அதிலிருந்து போகும் வயரில் வானொலி பேசும். எல்லா ஒழுங்கைகளிலும் நடக்கிற காரியம்தான். ஆனால் மற்றவர்கள் மிதித்தால் குரல் ஏறி இறங்கும், தேயும், செத்துப் பிழைக்கும். கனிசியஸ் மிதித்தால் செய்தி வாசிப்பவர் பக்கத்தில் இருந்து வாசிப்பது போலிருக்கும். அவ்வளவு சீரான கால். வானொலியும் அவருடையது, கசெற் போடும் வசதியுள்ள பழைய பெட்டி. குருநகரில் அவருடைய ஒழுங்கை முழுவதும் அந்தச் சைக்கிளைச் சுற்றித்தான் கூடும்.

கூடுகிறவர்களில் முன்னுக்கு இருப்பவர் பக்கத்து வீட்டு லூர்த்தம்மா. புருசனைக் கடலுக்குக் கொடுத்தவர். ஒரே மகன் டெஸ்மன் தொண்ணூறில் வெளிநாடு போனான். கடலுக்கு அப்பாலிருந்து வரும் தமிழ் வானொலியொன்றில், வெளிநாட்டுப் பிள்ளைகள் பேசிப் பதிந்து அனுப்பும் குரல்களை வெள்ளிக்கிழமைகளில் போடுவார்கள். போன வருடம் ஆடி மாதம் டெஸ்மனிடமிருந்து கடிதம் வந்தது. தானும் பேசி அனுப்பியிருப்பதாகவும், எந்த வெள்ளி போடுவார்களென்று தெரியாது, வெள்ளிக்கிழமைகளில் தவறாமல் கேட்கும்படியும் எழுதியிருந்தான். தாய் மகனின் குரலைக் கேட்டு அப்போது மூன்று வருடம். கனிசியஸ் ஒவ்வொரு வெள்ளியும் மிதித்தார். குரல் வரவில்லை.

பிறகு ஒரு வெள்ளி. அடுத்த ஞாயிறு பங்குத் தேவாலயப் பெருநாள் சைக்கிள் ஓட்டம். கனிசியஸ் அன்று பின்னேரமே சைக்கிளை உரித்துவிட்டார். மட்காட், கரியர், ஸ்ராண்ட், டைனமோ எல்லாம் கழன்று ஒரு சாக்குக்குள் போயின. லூர்த்தம்மா வந்து நின்றபோது அவர் சொன்னதை அவரே எனக்குச் சொன்னார்.

"இண்டைக்கு மட்டும் விடுங்கோ அக்கா, கால் ஆறட்டும், வாற வெள்ளி கேப்பம் எண்டு சொன்னன். அவ ஓம் தம்பி, நீ ஓடி வெல்லு எண்டு சொல்லிப்போட்டுப் போட்டா."

அந்த வெள்ளிதான் டெஸ்மன் பேசினான்.

ஞாயிற்றுக்கிழமை கனிசியஸ் வென்றார். மாலையோடு நிற்கும்போது, பருத்தித்துறையிலிருந்து பெருநாளுக்கு வந்த ஒருவர் லூர்த்தம்மாவிடம், "உங்கடை மகன் கதைச்சவனல்லோ, கேட்டனீங்கள்தானே" என்று சந்தோசமாகக் கேட்டாராம். அந்த மனுசி அவரை விடவில்லை. என்ன சொன்னான் என்றுகூட முதலில் கேட்கவில்லை. குரல் எப்பிடி இருந்தது, குரல் எப்பிடி இருந்தது என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். மாலையை எங்கே கழற்றி வைத்தாரென்று கனிசியஸுக்கு இன்றைக்கும் நினைவில்லை. அதற்குப் பிறகு டெஸ்மனிடமிருந்து கடிதமும் வரவில்லை.

லூர்த்தம்மா அவரை ஏசவில்லை. ஏசியிருந்தால் இந்த மனிதர் கொஞ்சம் தப்பியிருப்பார். அன்றிலிருந்து குடாநாட்டில் எங்கே சைக்கிள் ஓட்டம் நடந்தாலும் கனிசியஸ் பெயர் கொடுத்துவிடுவார். ஓட்டம் நடக்கிற இடத்தில் ஊர் கூடும். ஊர் கூடும் இடத்தில் ஒலிபெருக்கி இருக்கும். ஓடி முடிந்ததும் மற்றவர்கள் தண்ணீருக்குப் போக, இவர் ஒலிபெருக்கிக்காரரிடம் போவார். அந்த வெள்ளி அந்த நிகழ்ச்சியை யாராவது கசெற்றில் பதிந்து வைத்திருக்கிறார்களா என்று அறிவிக்கச் சொல்லுவார். கசெற் கிடைத்ததில்லை. கேட்டவர்கள் கிடைத்தார்கள். அவன் இருமினான் என்றார் ஒருவர். சிரித்தபடி பேசினான் என்றார் இன்னொருவர். நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னான் என்றார் அளவெட்டியில் ஒரு பெண். எல்லாவற்றையும் இவர் கொண்டுபோய் லூர்த்தம்மாவிடம் கொடுப்பார். அவரும் ஒன்றையும் தள்ளாமல் எடுத்து வைத்துக்கொள்வார்.

வல்லிபுரத்துப் போட்டி, மேலே பொம்மர் விமானம் சுற்றியதால் சுணங்கித் தொடங்கியது. மணலுக்குள் இறங்கும்வரை கனிசியஸ்தான் முன்னுக்கு. சவுக்கங்காட்டு வளைவில் பனங்கொட்டை ஒன்று சில்லுக்குள் அகப்பட்டு விழுந்தார். எழும்பியவர் முதலில் தொட்டுப் பார்த்தது முழங்காலை அல்ல, டைனமோவை. அதற்குள் இருவர் தாண்டிவிட்டார்கள். மைதானத்துக்குள் மூன்றாவதாக வந்தார். முழங்காலில் இரத்தம் வடிய, நேரே தம்பிஐயாவிடம் போனார். தம்பிஐயா வடமராட்சியில் பெயர்பெற்ற ஒலிபெருக்கிக்காரர். ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் முடியப் போகிறதென்று முணுமுணுத்துக்கொண்டுதான் அறிவித்தார்.

பரிசு கொடுத்து முடிந்து கூட்டம் கலையும்போது பத்மாவதி என்றொரு ஆசிரியை வந்தார். அவருடைய தம்பியும் வெளிநாட்டில்; அதே வெள்ளி அவனும் பேசியிருந்தான். சேர்த்து வைத்திருந்த பற்றரியைப் போட்டுப் பதிந்திருக்கிறார். தம்பிக்கு அடுத்ததாக ஒரு குருநகர்ப் பிள்ளை பேசியதும் அவருக்கு நினைவிருந்தது. ஆனால் அந்தப் பற்றரியின் மிச்சத்தில் மகள் தன் பேச்சுப் போட்டிப் பேச்சை மேலே பதிந்துவிட்டாள். எவ்வளவு அழிந்ததென்று போட்டுப் பார்க்க வழியில்லை என்று சொல்லி, பிழை செய்தவர் போலக் கசெற்றை நீட்டினார்.

கனிசியஸ் அதைச் சேட்டுப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். திரும்பும் வழியில், வல்லைவெளியில் காற்று முகத்தில் அடித்தது. அந்தத் தெருவில் ஒரு போட்டி வைத்திருந்தால், மூன்றாவதாக வந்த அந்தக் கால்கள்தான் முதலாவதாக வந்திருக்கும். நான் குருநகர் போய்ச் சேர்ந்தபோது பொழுது பட்டுக்கொண்டிருந்தது. சைக்கிள் ஸ்ராண்டில் ஏறிவிட்டது, வயர் கொழுவியாகிவிட்டது. லூர்த்தம்மா முக்காட்டை இழுத்துவிட்டு வானொலிப் பெட்டிக்கு முன்னால் இருந்தார்.

கசெற்றில் முதலில் அந்த ஆசிரியையின் மகள் வந்தாள். உழவின் பெருமையை உரத்த குரலில், ஒரு சொல்லும் தடுக்காமல் பேசினாள். அவளை முடிக்கச் சொல்லி ஒழுங்கை முழுவதும் மனதுக்குள் கெஞ்சியது. சபையோருக்கு நன்றி சொன்னாள். டக்கென்று ஒரு சத்தம்.

"…கண்டபடி யோசியாதையுங்கோ. சரியம்மா, நிப்பாட்டுறன்."

டெஸ்மனின் குரல், அவ்வளவுதான். பிறகு வேறு யாரோ வேறு யாருக்கோ பேசினார்கள். லூர்த்தம்மா கையை உயர்த்தினார். கனிசியஸ் மிதிப்பதை நிறுத்தினார்.

"இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான் அக்கா."

லூர்த்தம்மா பெட்டியை விட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"குரல் தடிச்சுக் கிடக்கு. அவனுக்குச் சுகமில்லையோ, அல்லது நீதான் மெல்லமா மிதிச்சனியோ?"

கால் தளர்ந்தால் கசெற்றில் குரல் தடிக்கும். அன்று மணலெல்லாம் ஓடி, விழுந்து, வல்லைவெளியும் கடந்து வந்த கால்கள் அவை. வேறு யாராவது ஏறட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். யார் ஏறினாலும் குரல் இன்னும் கெடும் என்பது நினைவு வந்தது.

"திருப்பிப் போடுங்கோ அக்கா" என்றார்.

லூர்த்தம்மா கசெற்றைப் பென்சிலால் பின்னுக்குச் சுற்றிப் போட்டு, விரலை விசையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கனிசியஸ் ஹான்டிலிலிருந்து கையை எடுத்தார். நடுங்கும் தொடைகள் இரண்டையும் இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து, மிதிக்கத் தொடங்கினார்.