சுண்டைக்காய் நசுக்கிய கார்

போன வாரம் என் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது. நான் உட்கார்ந்த இடத்தில் அது இருந்தது. தவறு என்னுடையதா கண்ணாடியுடையதா என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் இன்னும் ஒத்த கருத்து ஏற்படவில்லை. காளவாசலில் ஒரு கடைக்காரர் உடைந்த பாகத்தைப் பொருத்திப் பார்த்து, சின்னப் பசை ட்யூப் ஒன்றைப் பிதுக்கி ஒரு சொட்டு வைத்தார். குப்பென்று ஒரு வாசனை வந்தது. இனிப்பும் காரமுமாக, மண்டையைக் கிறுகிறுக்க வைக்கிற வாசனை. ஐந்து நிமிஷத்தில் காய்ந்துவிடும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் அங்கே இல்லை. நாற்பது வருஷத்துக்கும் மேலே பின்னால் போய், அதே காளவாசல் பக்கம், வேலாயுதம் சார் வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

வேலாயுதம் சார் என் முதல் வேலையில் எனக்கு மேலதிகாரி. எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்து மூன்று வயது, தலை நிறைய முடி, வாய் நிறைய பீற்றல். ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியில் இங்கிலீஷ் படம் போடுவார்கள். வசனம் ஒன்றும் புரியாது. எங்கே சிரிக்க வேண்டும் என்பதைப் பக்கத்து சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். அதில் ஒரு படத்தில் வெள்ளிக் கலரில் ஒரு கார் வரும். பின்பக்கம் மீன் வால் மாதிரி இரண்டு துடுப்பு, பொத்தானை அமுக்கினால் விளக்குக்குள்ளிருந்து துப்பாக்கி. அந்தக் காருக்காகவே மூன்று தரம் பார்த்தேன். திங்கட்கிழமை ஆபீசில் அதன் ஒவ்வொரு நட்டு போல்ட்டையும் நானே கழற்றி மாட்டியவன் மாதிரி பேசினேன். தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

மத்தியானம் சார் கூப்பிட்டனுப்பினார். வேலைதான் போகப்போகிறது என்று போனால், டிபன் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு, "அந்தக் காரை உனக்கு நல்லாத் தெரியுமா தம்பி?" என்றார். அதே கார், துண்டு துண்டாக, பெட்டியில் அடைத்து அவர் வீட்டில் இருக்கிறதாம். அமெரிக்காவில் என்ஜினியராக இருக்கிற மகன் ரவி, தெரிந்தவர் மூலம் கொடுத்தனுப்பியது. வந்து ஒரு வருஷம் ஆகிறது. பீரோ மேலே வைத்தவர் பிரிக்கவே இல்லை.

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். ரவி சின்னப் பையனாக இருந்தபோது சிகரெட் அட்டையும் சோடா மூடியும் வைத்து ஏழெட்டுக் கார் செய்து வைத்திருந்தான். அரைப்பரீட்சையில் கணக்கில் பெயிலாகிவிட்டான். சார் கோபத்தில் அத்தனையையும் எடுத்து வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். பையன் அழவில்லை, எரிந்து முடிகிறவரை நின்று பார்த்தான். அதற்கப்புறம் கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும்தான். அமெரிக்காவிலிருந்து கடிதம்கூட அம்மா பேருக்குத்தான் வரும். கடைசி வரியில் 'அப்பாவை விசாரித்ததாகச் சொல்லவும்' என்று இருக்கும்.

"இந்தப் பெட்டி எனக்குன்னே பேர் போட்டு வந்துச்சு. குத்திக்காட்ட அனுப்புனானா, பிரியத்துல அனுப்புனானான்னு தெரியல. தை மாசம் வாரான். வர்றப்ப அது பெட்டியாவே இருந்தா நான் என்ன சொல்லுவேன்?"

கோப்புகளில் கமா விட்டுப்போனால் கர்ஜிக்கிற மனுஷன். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. நான் செய்கிறேன் சார் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்குக் கொடிக்கம்பிகூட ஒழுங்காகக் கட்டத் தெரியாது என்பது ஞாபகம் வந்தது.

காப்பாற்றியவன் சோமு. நான் குடியிருந்த தெருவின் கோடியில் உள்ள பிள்ளையார் கோயில் குருக்கள். என் வயசுதான், ஆனாலும் நான் அவனைச் சாமி என்பேன், அவன் என்னை சார் என்பான். சங்கடஹர சதுர்த்திக்கு அவன் போடுகிற சந்தனக்காப்பைப் பார்க்க மூன்று தெரு தள்ளியிருந்தெல்லாம் வருவார்கள். விஷயத்தைச் சொன்னதும், "பிள்ளையாருக்கே புருவம் வச்சிண்டிருக்கேன் சார், இதென்ன பிரமாதம்" என்றான். மத்தியானம் கோயில் நடை சாத்தியிருக்கும். ஆகவே ஞாயிறு மத்தியானங்களில் வேலை என்று முடிவாயிற்று. காலைக் காட்சியையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பது எனக்குக் கூடுதல் திருப்தி.

பெட்டியைத் திறந்தால், சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக். ஒவ்வொரு சட்டத்திலும் காய் காய்த்தது போலத் துண்டுகள். எண்ணூறு இருக்கும் என்று பயந்தேன். சோமு நிதானமாக எண்ணி, தொண்ணூற்றுச் சொச்சம்தான் என்றான். நகவெட்டியால் நறுக்கி, பிளேடால் பிசிறு சீவி, அதே வாசனையடிக்கிற பசை ட்யூபைப் பிதுக்கி ஒட்ட வேண்டும். ஒட்டியது காயும்வரை பிரியாமலிருக்க சாரின் வீட்டம்மா தன் கொண்டை ஊசிகளைக் கொடுத்தார். என் பங்கு, படம் போட்ட தாளைப் பார்த்து நம்பர் சொல்வது. அதிலும் இரண்டு தரம் தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன்.

கதவிலும் வாலிலும் ஒட்டுகிற படங்களைத் தண்ணீரில் ஊறப்போட்டு நழுவவிட வேண்டும். விரல் பட்டால் சுருண்டுகொண்டது. சோமு யோசித்துவிட்டு வெற்றிலை கேட்டான். சார் சோழவந்தான்காரர், கொடிக்கால் வைத்த குடும்பம்; அந்த வீட்டில் எது இல்லாவிட்டாலும் வெற்றிலை இருக்கும். இளவெற்றிலையை நனைத்து, அதன் மேல் படத்தை ஏந்தி, கதவில் நழுவவிட்டான். சுருக்கமே இல்லாமல் போய் உட்கார்ந்தது. அந்தத் தாளை எழுதிய அமெரிக்காக்காரனுக்கு இந்த உபாயம் தெரிந்திருக்க நியாயமில்லை.

சார் முதல் இரண்டு வாரம் பேப்பர் படிக்கிற பாவனையில் தள்ளி உட்கார்ந்திருந்தார். மூன்றாம் வாரம் நாற்காலி கிட்டே வந்தது. நான்காம் வாரம் தரையில் உட்கார்ந்து, ஒரே ஒரு துண்டை நான் ஒட்டுகிறேனே என்றார். சோமு ஸ்டியரிங்கைக் கொடுத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு வலது பக்கம் ஒட்டினார். அதற்கான துளை இடது பக்கம் இருந்தது. சோமு என்னைப் பார்த்தான். வாயைத் திறக்காதே என்று நான் கண்ணைக் காட்டினேன்.

ரவி வருவதற்கு முதல் நாள் கார் முடிந்தது. ஒரு சாண் நீளம், வெள்ளி மினுமினுப்பு, அச்சு அசல் படத்தில் பார்த்ததேதான். அங்கேயே விட்டிருக்கலாம். புது வண்டி, பூஜை போடாமல் எப்படி வைப்பது என்றார் சாரின் வீட்டம்மா. எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கப் பார்த்தால், பழம் சக்கரத்தைவிடப் பெரிது. அம்மா அடுப்படிக்குப் போய் நாலு சுண்டைக்காய் கொண்டுவந்தார். சார் குனிந்து காரை அமுக்கித் தள்ள, நாலும் நசுங்கின. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

சோமு கற்பூரம் ஏற்றி ஆரத்தி காட்டினான். பெரிய வண்டிக்குக் காட்டிப் பழகிய கை. முன்பக்கம் கொண்டுபோய்க் கொஞ்சம் நிறுத்தி, மந்திரத்தை முடித்தான். அதற்குள் பானட் சூட்டில் மெத்தென்று உள்ளே அமுங்கிப் பள்ளமாகிவிட்டது. சார் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சோமுவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவன்தான் முதலில் எழுந்துபோய்ச் சந்தனம் குழைத்து வந்து, பள்ளத்தை நிரவி, குங்குமம் வைத்து, நாலு மல்லிகை மொட்டைக் கோத்துச் சாத்தினான். பார்த்தால் பூஜை முடிந்த புது வண்டிதான். யாருக்கும் சந்தேகம் வராது என்றேன். நான் சொன்னதில் எது உருப்பட்டிருக்கிறது?

மறுநாள் மத்தியானம் நானும் சோமுவும் போனபோது ரவி சாப்பிட்டு முடித்து, காரைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தான். காய்ந்த சந்தனம் வில்லையாகப் பெயர்ந்து தரையில் விழுந்தது. கருகிய பள்ளம் தெரிந்தது. நான் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டிருந்தேன். சார் முந்திக்கொண்டார்.

"கற்பூரம் பட்டுருச்சுப்பா. இதுவும் நெருப்புலயே போச்சு. ஆனா இந்தத் தடவை வேணும்னு செய்யல." தரையில் கிடந்த சந்தன வில்லையைப் பொறுக்கி எடுத்தார். "அப்ப செஞ்சது தப்புடா."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ரவி காரை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினான். பிறகு ஒரு விரலை உள்ளே விட்டு, "ஸ்டியரிங் யாருப்பா ஒட்டுனது?" என்றான்.

"நான்தான். ஏன்?"

"ஒண்ணுமில்ல. நம்ம ஊர்ல ஓட்டுறதுக்குத் தோதா இருக்கு."

சொல்லிவிட்டு அப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். எந்தத் துண்டு முதலில், எது கடைசியில் என்று கேட்க ஆரம்பித்தான். சார் எல்லாம் தானே செய்த மாதிரி விளக்கினார். வெற்றிலை விஷயத்தைக்கூட விடவில்லை. சோமுவும் நானும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினோம். வாசலில் செருப்பை மாட்டும்போது சோமு கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கும் அழுகைதான்.

இப்போது அந்த வீடு இருந்த இடத்தில் செல்போன் ஷோரூம். காலைக் காட்சிப் படங்கள் ஓடிய தியேட்டர் கல்யாண மண்டபமாகிவிட்டது. சோமு மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டான். ரவி அந்தக் காரை அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். சார் போய்ப் பதினைந்து வருஷமாகிறது.

எனக்கும் ஒரு மகன், பெங்களூரில். பத்தாவது படிக்கும்போது அவன் படம் வரைந்து வைத்திருந்த நோட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டவன் நான். வாரம் தவறாமல் போன் செய்கிறான். மழை உண்டா, மாத்திரை போட்டாயிற்றா என்று பேசி வைத்துவிடுகிறோம். சார் அன்றைக்குச் சொன்ன அந்த மூன்று வார்த்தை எனக்கு மனப்பாடம், சொல்லத்தான் வாய் வருவதில்லை. அவர் இருந்திருந்தால் துணைக்குக் கூட்டிக்கொண்டு பெங்களூர் போயிருப்பேன்.