சீதனக் காரோட ஏபிஎஸ் லைட்

அக்கா கல்யாணம் முடிஞ்சு மடுல்கெல்லைக்குப் போனப்ப எங்க காரும் கூடவே போச்சு. பழைய ஜப்பான் கார், வெள்ளை. சீதனம்னு யாரும் வாயத் தொறந்து சொல்லல. "புள்ள வேலைக்குப் போய் வரணும்ல" அப்பிடின்னு மட்டும் சொன்னாங்க. அக்காவுக்கு வேலை பேராதனை ஆஸ்பத்திரி லேப்ல. தெனமும் அந்தத் தேயிலை மலைய விட்டு வளைஞ்சு வளைஞ்சு எறங்கணும், சாயந்தரம் திரும்ப ஏறணும்.

போன மாசம் ஒரு நாள் காலையில கட்டுகஸ்தோட்டையில எங்க வீட்டு முன்னாடி காரை நிறுத்துனா. எறங்கவே இல்ல. ஸ்டியரிங்க புடிச்சிட்டே உக்காந்திருந்தா.

"பிரேக் அடிச்சேன்டா. வண்டி நிக்கல, சறுக்கிட்டே போச்சு. எதுத்தாப்ல பஸ். எப்பிடித் தப்பிச்சேன்னே தெரியல."

அஞ்சு மாசம் அவ. வயித்துல ஒண்ணு இருக்கு.

நான் இஞ்சினியரிங் முடிச்சவன், கேம்பஸ்ல பாதி நாள் வண்டிக்கு அடியிலதான் கெடந்தேன். ஈர ரோட்டுல வீல் இறுகிச் சறுக்காம இருக்கத்தானே ஏபிஎஸ்ஸே இருக்கு? அப்ப அது வேலை செய்யல. வேலை செய்யலன்னா டேஷ்போட்ல லைட் எரியணும். எரியலையே.

அவள பஸ்ல அனுப்பிட்டு சாவியத் திருப்புனேன். இஞ்சின ஸ்டார்ட் பண்ணல, சும்மா சாவி மட்டும். ஏபிஎஸ் லைட் எரிஞ்சுச்சு. சரி, மூணு செக்கன்ல தானா அணையணும். அணையல. பத்து செக்கன், அப்பவும் அணையல. இஞ்சின ஸ்டார்ட் பண்ணேன். ஆயில் லைட்டும் ஏபிஎஸ் லைட்டும் ஒரே நேரத்துல, பொட்டுனு அணைஞ்சுச்சு.

அங்கதான் எனக்கு சந்தேகம் வந்துச்சு. ஆயில் லைட் இஞ்சின் ஓடுனாத்தான் அணையும். ஏபிஎஸ் லைட்டுக்கு இஞ்சினோட என்னா சோலி?

டேஷ்போட்ட கழட்டுனேன். உள்ள கரப்பான் புழுக்கை, கல்யாணத்தன்னைக்கு காருக்குப் போட்ட மாலையில இருந்து விழுந்த காஞ்ச பூ, பிசுபிசுன்னு ஒரு கறுப்பு டேப். டேப்ப பிரிச்சா, ஏபிஎஸ் லைட்டோட வயர வெட்டி ஆயில் லைட் வயரோட முறுக்கி வச்சிருக்கு. பாக்குறவனுக்கு எல்லா லைட்டும் எரியும், ஸ்டார்ட் பண்ணா எல்லாம் அணையும். வண்டி தங்கம். த்தூ.

அந்தக் காரைத் தொடுற மெக்கானிக் ஒரே ஒருத்தர்தான், அப்பாவோட கூட்டாளி. சின்ன வயசுல இருந்து அவர அண்ணேன்னுதான் கூப்பிடுவேன். கராஜுக்கு நேரா போனேன். மனுசன் பிளேன்டீய ஆத்திக்கிட்டு இருந்தாரு.

"அண்ணே, அந்த லைட் வயரு நீங்களா?"

"லைட் அணையுதா இல்லையா? அதச் சொல்லு."

"பிரேக் அடிச்சா சறுக்குது அண்ணே. அக்கா பஸ்ஸுல போய் அடிச்சிருப்பா."

"பிரேக் இருக்கே தம்பி. நாங்க ஓட்டுன வண்டிலெல்லாம் ஏபிஎஸ் இருந்துச்சா? படிச்சவங்களுக்கு எல்லாத்துக்கும் பயம்." ஒரு மொடக்கு குடிச்சாரு. "ஒங்கப்பாதான் ஓடி வந்தாரு. மறுநாள் மாப்பிள்ள வீட்டுல கார் பாக்க வர்றாங்க, எப்பிடியாச்சும் அணைச்சுக் குடுன்னாரு. எனக்கு இருந்தது ஒரு பின்னேரம்."

அந்த மறுநாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அத்தானோட அப்பா வந்து சீட்டுல உக்காந்து சாவியத் திருப்பி, ஒவ்வொரு லைட்டையும் மருமகள் பல்லப் பாக்குற மாதிரி பாத்தாரு. "வண்டி சுத்தமா இருக்கு"ன்னாரு. நாந்தான் அவருக்கு டீயும் முறுக்கும் கொண்டு போய் நீட்டுனேன். இப்ப நெனச்சா கையக் கழுவணும் போல இருக்கு.

இன்னும் கேளுங்க. கூட்டாளி ஒருத்தன்ட்ட ஸ்கேன் மெஷின் வாங்கிப் போட்டேன். ஒரே ஒரு குத்தம்தான் காட்டுச்சு: பின்னாடி இடது வீல் சென்சர். ஜாக் போட்டு வீலக் கழட்டிப் பாத்தா, சென்சர் மூக்குல இரும்புத் தூளும் சேறும் சேந்து கறுப்பா, சளி மாதிரி அப்பியிருந்துச்சு. வீல் சுத்துறதே அதுக்குத் தெரியல. பழைய பல் பிரஷ்ஷால தேய்ச்சு, தொடைச்சு, திரும்ப மாட்டுனேன். மெஷின்ல பழைய குத்தத்த அழிச்சு ஓட்டிப் பாத்தேன், திரும்ப வரல. லைட் வயர அதோட சொந்த எடத்துலயே சேத்தேன். சென்சர் வேலை மொத்தமே அரை மணித்தியாலம். அந்த டேப் ஒட்டுற நேரத்துல இத செஞ்சிருக்கலாம். அதுதான் எனக்கு இன்னும் தாங்க முடியல.

சாயந்தரம் கடைய மூடிட்டு அப்பா வந்தாரு. என் கையில அந்த டேப்பப் பாத்தாரு. 

"அக்காட்ட சொல்லாதடா. அத்தான் காதுக்குப் போனா அசிங்கம்."

"அசிங்கம் எதுப்பா?"

அப்பா செருப்ப கழட்டி ஒழுங்கா வச்சாரு.

அக்கா வேலை முடிஞ்சு வந்ததும் ஆத்தோரம் இருக்குற வெறும் தரைக்குக் கூட்டிட்டுப் போனேன். மழை பேஞ்சு சொதசொதன்னு கெடந்துச்சு. அப்பாவும் கொடையோட பின்னாடியே வந்துட்டாரு, நான் என்ன சொல்லிருவேனோன்னு. மொதல்ல நான் ரெண்டு தடவ அடிச்சுப் பாத்தேன், நின்னுச்சு. அப்பறம் அவளை ஓட்ட விட்டு பக்கத்துல உக்காந்தேன். "மெதுவாப் போய் நல்லா அமுக்கு."

அமுக்குனா. வண்டி கடகடன்னு அதிர்ந்து நேரா நின்னுச்சு. அவ காலைத் தூக்கிட்டா.

"என்னாடா பெடல் ஒதைக்குது? ஒடஞ்சிருச்சா?"

"அதான் ஏபிஎஸ். அப்பிடித்தான் ஒதைக்கும்."

"அப்ப இவ்வளவு நாளா ஏன் ஒதைக்கல?"

கண்ணாடிய எறக்குனேன். "அப்பாட்ட கேளு."

அப்பா கொடைய மாத்திப் புடிச்சாரு. "லைட்ட அணைக்கச் சொன்னது நாந்தாம்மா. எரிஞ்சா சரியில்லாத வண்டின்னு சொல்லி சம்மந்தத்தையே விட்டிருப்பாங்க."

அக்கா அவரையே பாத்தா. கத்துவான்னு நெனச்சேன். என்னை எறங்கச் சொன்னா.

"அப்பா, ஏறுங்க."

"எனக்கெதுக்கும்மா…"

"ஏறுங்கப்பா."

ஏறுனாரு, சொட்டுற கொடையோடயே. அக்கா தரையோட அந்தக் கோடி வரைக்கும் போய்த் திருப்பி, என்னைப் பாத்து நேரா வந்து ஓங்கி அமுக்குனா. கார் நின்னுச்சு. அப்பா ரெண்டு கையாலயும் டேஷ்போட்ட புடிச்சிட்டு இருந்தாரு, அந்த லைட் இருக்குற எடத்தையே பாத்துக்கிட்டு.

அவ விடல. திரும்பவும் ரிவர்ஸ் போட்டா.