மா அரைக்கும் மெசின்

நாரந்தனைச் சந்தியிலிருந்த மில் டீசல் இல்லாமல் பூட்டப்பட்டதும், குரக்கன் அரைக்க ஒரு கைமெசின் வேண்டுமென்று கணவரிடம் கேட்டேன். கலியாணமாகி ஆறு வருடங்களில் நானாகக் கேட்ட முதல் பொருள் அது. அவருக்கு யாழ்ப்பாணப் பட்டினத்தில் வேலை. கடைகள் பக்கத்திலேயே இருந்தன.

"வார்ப்பிரும்பிலை பாருங்கோ. சுத்தேக்கை உள்ளுக்கை இருக்கிற தட்டு ஆடக்கூடாது. ஒரு பிடி அரிசி போட்டு அரைச்சுக் காட்டச் சொல்லுங்கோ," என்றேன்.

"ஓம், ஓம். எனக்குத் தெரியாதே?" என்றார்.

கொண்டுவந்தது பச்சைப் பெயின்ற் அடித்த தகர மெசின். மேசையில் பூட்டிச் சுற்றினால் மேசையும் சேர்ந்து ஆடியது. மா குருணை குருணையாக விழுந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன், இரும்புத் தூள் மின்னியது. அவருக்கும் காட்டினேன்.

"உமக்குச் சுத்தத் தெரியேல்லை," என்றார்.

என்னில்தான் பிழையாக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் மூன்று முறை அரைத்து, சீலையில் அரித்து எடுத்தேன். வலது தோள் வீங்கிப்போனது.

சண்டை வந்து செல்லடி தொடங்கி, ஊரே வீடுகளை விட்டு வெளிக்கிட்டபோது, நாங்கள் நல்லூரில் தனியே இருந்த அவருடைய அக்கா வீட்டுக்குப் போனோம். மச்சாளின் குசினியில் பாரமான கறுத்த இரும்பு மெசின் ஒன்று பூட்டியிருந்தது. சுற்றிப் பார்த்தேன். ஒரு கை போதும். மா பவுடர் போல விழுந்தது.

"நல்ல மெசின் மச்சாள். எங்கை வாங்கினனீங்கள்?"

"தம்பியல்லோ கொண்டுவந்து தந்தவன். அண்டைக்குத்தானே உமக்கும் ஒண்டு வாங்கினவன்? நீர் பாரமானது வேண்டாமெண்டு சொன்னீராம்."

 பின்னேரம் கிணற்றடியில் அவரிடம் கேட்டேன்.

"அக்காவுக்கு ஆர் இருக்கினம்? நீர் எப்பிடியும் சமாளிப்பீர் எண்டு எனக்குத் தெரியும்," என்றார். என்னைப் புகழ்வதாகவே நினைத்திருப்பார்.

அக்காவுக்குக் கொடுத்தது எனக்கு நோகவில்லை. மாவில் இரும்பைக் காட்டிய அன்று, எது நல்ல மெசின் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் என் கையைக் குறை சொன்னார்.

அதன்பின் அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. செருப்பு அறுந்தபோது கம்பியால் கட்டிப் போட்டுக்கொண்டேன். அயலுக்குச் சட்டை தைத்துக் கொடுத்து நானே புதியது வாங்கினேன். அவர் அதைக் கவனிக்க இரண்டு வருடங்கள் சென்றன.

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?" என்றார்.

"பழக்கம் விட்டுப்போச்சு," என்றேன்.