ஞாயிற்றுக்கிழமை சால்மன்

மகன் கனடாவிலிருந்து திரும்பி வந்த பிறகு எங்கள் வீட்டில் சோறு மிஞ்சத் தொடங்கியது. அவன் அம்மா இறந்ததிலிருந்து எனக்கென்று அரை ஆழாக்கு வடித்துக்கொண்டிருந்த நான், அவனுக்காக இன்னொரு ஆழாக்கு சேர்த்துப் போட்டேன். சேர்த்துப் போட்டது அப்படியே பானையில் கிடந்தது. தட்டின் முன்னால் உட்காருவான். பிசைவான். இரண்டு வாய் வைப்பான். "போதும் நைனா" என்று எழுந்து கை கழுவப் போய்விடுவான். அதற்குப் பிறகு அவன் அறைக் கதவும் மின்விசிறிச் சத்தமும்தான்.

வந்த அன்றைக்கே வாசலில் பெட்டியை வைத்துவிட்டுச் சொன்னான். "அவளும் நானும் பிரிஞ்சிட்டோம் நைனா. வேலையும் போச்சு. எதையும் கேக்காதீங்க." நான் கேட்கவில்லை. கம்பம் ஏறி மின்கம்பி கட்டிக் காலம் தள்ளியவன் நான். கரண்டு இருக்கிற கம்பியை யாரும் சும்மா தொட்டுப் பார்ப்பதில்லை. அவனையும் அப்படித்தான் தொடாமல் வைத்திருந்தேன்.

சொந்தக்காரர்கள் விடுவார்களா? திருவாலங்காட்டிலிருந்து என் மச்சினிச்சி கரும்புச் சாறும் கையுமாக வந்து இறங்கினாள். "புள்ள துரும்பா எளைச்சிப் போயிருக்கானே, வேற ஒரு பொண்ணப் பாத்து முடிச்சிட்டா சரியாப் பூடும் மாமா" என்றாள், அவன் காதில் விழுகிற மாதிரி. எனக்கு வந்த கோபத்தில் சாற்றுப் பாட்டிலை அவள் பையிலேயே திரும்பச் சொருகி ஆட்டோ ஏற்றிவிட்டேன். ஆனால் அவள் சொன்னதில் பாதி உண்மை. பிள்ளை தேய்ந்துகொண்டிருந்தான். சட்டை ஆணியில் மாட்டியது போல அவன் தோளில் தொங்கியது. நான் இருக்கும்போதே என் கண் முன்னால் இவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். ஒரு வேளை, ஒரே ஒரு வேளை, அவன் தட்டை வழித்துச் சாப்பிட்டு நான் பார்த்தால் போதும் என்றிருந்தது.

எனக்குத் தெரிந்த சமையல் ரசம், பருப்பு, முட்டைப் பொரியல். அதற்கு மேல் போகாது. அவனுக்கு எது பிடிக்கும் என்று உட்கார்ந்து யோசித்தபோது அந்த மீன்தான் நினைவுக்கு வந்தது.

அவன் கனடாவில் இருந்த காலத்தில் ஞாயிறு தோறும் வீடியோவில் பேசுவான். இங்கே இருட்டியிருக்கும், அங்கே காலை வெயில் அடிக்கும். போனைச் சமையல் மேடையில் எதன் மேலோ சாய்த்து வைத்துவிட்டு, பேசிக்கொண்டே சமைப்பான். எப்போதும் அதே மீன். செங்கல் நிறத்துக்கும் ரோஜா நிறத்துக்கும் நடுவில் ஒரு நிறம். சால்மன் என்று பெயர் சொன்னான். தட்டையான சட்டியில் தோல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்துவிட்டுத் தொடவே மாட்டான். ஓரம் மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டு மேலே ஏறும். பாதி தூரம் ஏறியதும் ஒரே திருப்பு. அப்புறம் கொஞ்சம் வெண்ணெய், எலுமிச்சை. இரண்டு தட்டில் வைப்பான். ஒன்றை மூடி வைத்துவிட்டு மற்றதைச் சாப்பிடுவான்.

"அது எங்கடா?" என்று என் மனைவி கேட்பாள். அது என்றால் மருமகள். பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பெண். அங்கே ஒரு மருந்துக் கடையில் வேலை.

"டூட்டிம்மா. மத்தியானம் வந்து சாப்புடும். அதுக்குத்தான் மூடி வெச்சிருக்கேன்."

அந்த மூடிய தட்டைப் பார்த்து என் மனைவி பூரித்துப்போவாள். "பாத்தீங்களா, பொண்டாட்டிக்கு எடுத்து மூடி வெக்கிறான். நீங்க ஒரு நாளாச்சும் எனக்கு வெச்சிருப்பீங்களா?" என்று என்னை இடிப்பாள். அப்போது அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்தில் பாதி நாள் வேலூருக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவோம். மற்ற நாட்களில் வாடிக் கிடப்பவள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு போன் முன்னால் உட்காருவாள். அவள் போவதற்கு முந்தைய ஞாயிறுகூட அந்த மீனைப் பார்த்துவிட்டுத்தான் படுத்தாள்.

நான் பக்கத்தில் இருப்பேன். மருமகளைப் பற்றி நானாகக் கேட்க மாட்டேன். எங்கள் வழக்கம் அப்படி. மாமனார் மருமகளோடு முகம் பார்த்துப் பேசுவதில்லை. கூடத்துக்குள் நான் வந்தால் அந்தப் பெண் எழுந்து உள்ளே போய்விடும். நானும் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் வருவேன். சொல்ல வேண்டியதை மகனிடமோ மனைவியிடமோ சொன்னால் அது போய்ச் சேரும். "நல்லாக்குதா, கேட்டேன்னு சொல்லு" என்பதோடு என் பேச்சு முடிந்துவிடும். போனிலும் அதே மரியாதைதான். அதை நான் ஒரு ஒழுக்கமாகவே வைத்திருந்தேன்.

ஆக, மீன். எங்கள் ஊர்ச் சந்தையில் கேட்டபோது மீன்காரம்மா சிரித்தே விட்டாள். "சால்மனா? இங்க வர்றது கெண்ட, ஜிலேபி, வஞ்சிரம். வேணும்னா அந்த வஞ்சிரத்துக்குச் சிவப்புச் சாயம் பூசித் தரேன், எடுத்துகினு போ." சென்னையில்தான் கிடைக்கும் என்று தெரிந்தது. எங்கள் மாடியில் குடியிருப்பவர் தினமும் ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய் வருகிறவர். அவரிடம் சொன்னேன். சாப்பாட்டுப் பையில் ஐஸ் கட்டி சுற்றி, நெரிசலில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து சேர்த்தார். "மணவூர் வரைக்கும் நின்னுகினே வந்தேண்ணா. பக்கத்துல இருந்தவன் இன்னா சார் பை ஒழுகுதுன்னு கேட்டுகினே வந்தான்" என்றார் பாவம்.

அவர் கொண்டு வந்து கொடுத்த மறுநாள் கிருத்திகை. மலைக் கோயிலுக்குப் போகிற கூட்டம் விடியும் முன்பே தெருவை நிறைத்துவிட்டது. மொட்டைத் தலைகளும் காவடியும் அரோகராவுமாக இருக்கும்போது இந்த ஊரில் எந்த வீட்டு அடுப்பிலும் மீன் ஏறாது. எங்கள் வீட்டில் ஏறியதே இல்லை. மீனைப் பிரீசரில் வைத்துவிட்டு, கதவைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டு அந்த நாளைத் தள்ளினேன். மகன் அன்றைக்குக் காலையில் ஒரு டம்ளர் காபியோடு சரி. மலை மேலே நின்று கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறவன், என் பிள்ளைக்குப் பசியைக் கொடுக்க மாட்டானா என்று சுவரைப் பார்த்துச் சண்டை போட்டேன்.

அதற்கடுத்த நாள் மகன் குளிக்கப் போன நேரத்தில் வேலையை ஆரம்பித்தேன். மீன் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கழுவுவது. என் மனைவி மண்சட்டியில் கல்லுப்பு போட்டு அலசுவாள், நான் தண்ணீர் ஊற்றுவேன். ஏரி மீனில் சேற்று நாற்றம் இருக்கும். உப்பும் மஞ்சளும் போட்டு, சட்டியின் சொரசொரப்பில் உரசி, வழவழப்புப் போய் தண்ணீர் தெளிகிற வரைக்கும் கழுவினால்தான் அதை மீன் என்று ஒத்துக்கொள்வோம். சால்மனையும் அப்படியே போட்டு உரசினேன். தண்ணீர் தெளியவில்லை. எண்ணெய் எண்ணெயாக வந்துகொண்டே இருந்தது. வழவழப்பு என்று நினைத்து இன்னும் உரசினேன். தோல் கையோடு வந்துவிட்டது. சதை ஏடு ஏடாகப் பிரிந்தது. நிறமும் பாதி தண்ணீரோடு போய்விட்டது. ரயிலில் ஒருவர் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்த மீன், என் கையில் கந்தலாகிப் போனது.

மிச்சமிருந்ததற்கு மிளகாய்த்தூளும் மஞ்சளும் தடவி, தோசைக் கல்லைக் காய வைத்துப் போட்டேன். அவன் தொடாமல் விடுவது நினைவில் இருந்ததால், கையை முதுகுப் பக்கம் கட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் மீனிலிருந்து வெள்ளையாக ஏதோ கசிந்து வந்தது. திரிந்த பால் போல இருந்தது. கெட்டுப்போய்விட்டது என்று பதறி, தோசைத் திருப்பியால் அதை வழித்து வழித்து எடுத்தேன். வழித்ததில் மீன் நான்காக உடைந்தது. உள்ளே இன்னும் சிவப்பாக இருந்தது. சிவப்பு இருந்தால் வேகவில்லை என்றுதானே அர்த்தம்? அழுத்தி அழுத்தி, சிவப்புப் போகிற வரைக்கும் வறுத்தேன். கடைசியில் கல்லில் இருந்தது சுறாப்புட்டு மாதிரி ஒரு குவியல். அதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிழவன் மீனுக்காக அழுகிறான் என்று நானே என்னைத் திட்டிக்கொண்டு தட்டை எடுத்தேன்.

மகன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவன், சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னா நைனா வாசன இது?"

"சால்மன்டா. மாடி வீட்டுக்காரர் மெட்ராஸ்லேர்ந்து எடுத்தாந்தாரு. கொஞ்சம் ஒடஞ்சி பூட்ச்சி. உக்காரு."

அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. சந்தோஷம் என்று நான் எடுத்துக்கொண்டேன். உட்கார்ந்தான். சோறு போட்டு ரசம் ஊற்றி, மீனை எல்லாம் அவன் தட்டிலேயே வழித்துப் போட்டேன். ஒரு வாய் வைத்தான். மென்றான். இன்னொரு வாய். மூன்றாவதும் உள்ளே போனது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

"எப்டிக்குது?"

"நல்லாக்குது நைனா."

"அதான பாத்தேன்! வாரா வாரம் எடுத்தாரச் சொல்றேன். அங்க மாதிரியே ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம செஞ்சிடலாம்."

அவன் கை நின்றுவிட்டது. தட்டையே பார்த்துக்கொண்டு இருந்தான்.

"நைனா, எனக்கு இந்த மீன் புடிக்காது."

"பின்ன இன்னாத்துக்குடா வாரா வாரம் அதையே செஞ்ச?"

"அவளுக்குப் புடிக்கும். அவ இருக்கறப்ப அவளுக்கு செஞ்சேன். அவ போனப்புறம் அம்மாவுக்கு செஞ்சேன்."

எனக்கு விளங்கவில்லை. "அம்மா எங்கடா அத தின்னா?"

"அம்மா தட்டப் பாக்கும் நைனா. ரெண்டு தட்டுக்குதான்னு பாக்கும். இது அவளுக்குப் புடிச்ச மீனுன்னு அம்மாவுக்குத் தெரியும். இதச் செஞ்சா அவ வீட்லதான் இருக்கான்னு நம்பும்."

"அவ எப்பதான் போனா?"

"அம்மாவ வேலூருக்கு இட்டுகினு போக ஆரம்பிச்சீங்களே, அப்ப."

மனைவி வேலூருக்குப் போய் வந்த அவ்வளவு காலமும் என் கண் முன்னால் ஓடியது. அவள் சாவுக்கு இவன் மட்டும் தனியாக வந்து கொள்ளி வைத்துவிட்டுப் போனான். அந்தப் பெண்ணுக்கு லீவு கிடைக்கவில்லை என்றான். வந்தவர்களுக்கெல்லாம் நானே அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மூடி வெச்ச தட்ட இன்னாடா பண்ணுவ?"

"போன வெச்சதும் கொட்டிடுவேன்."

பிறகு அவனாகவே சொன்னான். குறை சொல்கிற குரல் இல்லை, நேற்று மழை பெய்தது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னான். "அம்மா கேட்டா டூட்டின்னு சொல்லிடுவேன். உங்களப் பத்தி பயமே இல்ல. மருமவ கையில போனக் குடுடான்னு நீங்க கேக்க மாட்டீங்கன்னு தெரியும். ஆனா சில நாள் மீனத் திருப்பிப் போடறப்ப, இன்னிக்காச்சும் நைனா கேட்ற மாட்டாரான்னு இருக்கும். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

என் பிள்ளை அத்தனை தூரத்தில் ஒற்றை ஆளாக நின்று எங்களுக்காகக் குடும்பம் நடத்திக் காட்டியிருக்கிறான். நான் போனில் மீனைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். என் மனைவிக்கு இது தெரியாமலே போனது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அவன் தட்டைக் கிட்டே இழுத்துக்கொண்டான். மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தான். மீனாகப் பொறுக்கி, வாய் வாயாக, சரியாக மெல்லாமல் விழுங்கினான். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை.

"வேணான்டா. புடிக்காதத ஏன்டா துன்ற?"

"நீங்க செஞ்சீங்க இல்ல."

அவன் ஒரு வேளையாவது தட்டை வழித்துச் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும் என்று தவம் கிடந்தவன் நான். வழித்துக்கொண்டிருந்தான். நான் எதிரில் உட்கார்ந்து, எச்சில் கை என்றும் பார்க்காமல் அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, போதும் விடுடா, போதும் விடுடா என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.