முறுக்கு வண்டிக்கு ஷாக் எடுத்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை டோம்பிவிலியில் எங்கள் கட்டிடத்துக்குக் கீழே ஒரு டெம்போவைத் தூக்கி நிறுத்திப் பின்பக்கத்து ஷாக் அப்சார்பரைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தரையெல்லாம் கருப்பு எண்ணெய். அதே நேரம் முதல் மாடியில் யாரோ முறுக்குச் சுட்டார்கள். இரண்டு எண்ணெய் வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறியதும் காய்கறிப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். வீட்டில் கேட்டதற்கு முழங்கால் வலி என்று சொல்லிவைத்தேன். உங்களிடம் மறைப்பானேன், நான் நின்றது தாராவியில், அறுபதுகளின் நடுவில்.

அப்போது எங்களிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. பட்டாளத்தில் கழித்துவிட்டதை யாரோ வாங்கி, அவரிடமிருந்து இன்னொருவர் வாங்கி, கடைசியாக என் அண்ணன் வாங்கினார். வாங்கிய கொஞ்ச நாளிலேயே மஞ்சள்காமாலையில் அண்ணன் தவறிப்போனார். வண்டி என் கைக்கு வந்தது. இரண்டு பிள்ளைகளும் குடும்பமும் அண்ணன் மனைவி, என் மைனி தலையில் விழுந்தன. பதினாறு கழிந்ததும் மைனி அடுப்பு மூட்டி முறுக்குச் சுட உட்கார்ந்தார். எங்கள் சந்துப் பெண்கள் ஐந்து பேர் கூடச் சேர்ந்தார்கள். எல்லாம் கையால் சுற்றும் முறுக்கு, தொட்டாலே உதிரும் பதம். நான் அதை டின்னில் அடுக்கிக் கடை கடையாகப் போடுவேன்.

மாட்டுங்காவும் செம்பூரும் பக்கம்தான், வம்பில்லை. வம்பெல்லாம் உல்லாஸ்நகரில். அங்கே ஒரு சிந்தி சேட்டு. மற்ற கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து எடுப்பதைவிட அவர் ஒருவர் எடுப்பது அதிகம். தானா ஊரைத் தாண்டிக் கல்யாண் போகும் வழியில் குழிகளுக்கு நடுவே அங்கங்கே கொஞ்சம் ரோடும் உண்டு. ஷாக் செத்துப்போன வண்டி அதில் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே போகும். டின்னைத் திறந்தால் பாதி நொறுங்கியிருக்கும். நொறுங்கியதைத் திருப்பிக் கொண்டுவந்தால் சந்துப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். என் வண்டிச் சத்தம் கேட்டாலே தட்டோடு வந்து நிற்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாலைந்து தடவை இப்படி ஆனதும், வண்டி விஷயம் நமக்குத் தெரியாததா என்று நானே குர்லாவுக்குப் போனேன். அங்கே பழைய வண்டிச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும். "பாயி, லாரி கா மால், ஏக்தம் மஜ்பூத்" என்றார் கடைக்காரர். லாரிக்குப் போடுவது, கெட்டியானது என்றதும் எனக்கு வாயெல்லாம் பல். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பாத்திரமோ பூட்டோ, கையில் கனத்தால்தான் வாங்கிய மாதிரி இருக்கும். நெல்மூட்டை ஏற்றும் லாரிக்கு உள்ளதை முறுக்கு டின்னுக்கு மாட்டிவிட்டேன். வண்டி ஆடவில்லை, உண்மை. ஆனால் ஒவ்வொரு குழியின் அடியும் நேரே டின்னில் விழுந்தது. சுட்ட முறுக்கு மறுபடி மாவாகிவிட்டது.

இன்னும் ஒரே தடவைதான், மறுபடி தூள் வந்தால் சரக்கே வேண்டாம் என்று சேட்டு கறாராகச் சொல்லிவிட்டார். அவர் நிறுத்தினால் அடுப்பு அணைந்த மாதிரிதான். மைனி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஊரில் தன் அண்ணன் வீட்டில் போய் ஒண்ட வேண்டும். அந்த வீட்டு வாசலை மிதிப்பதைவிட மைனி கொதிக்கிற எண்ணெயில் கையை விடுவார்.

மைனி என்னை ஒரு சொல் திட்டவில்லை. "நாளைக்கு வண்டில பின்னால நான் ஏறி வாரேன், தம்பி" என்றார்.

"பொம்பள பின்னால உக்காந்து போனா சந்துல என்ன சொல்லுவாவ, மைனி?"

"முறுக்கு அங்கனதான உக்காந்து போவுது. அதுக்கு என்ன செய்யுதுன்னு பாக்கணும்லா."

வெறும் டின்களுக்கு நடுவில் உட்கார்ந்து சயான் வரைக்கும் வந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "முன்ன உள்ளது ஆட்டுச்சு. இது அடிக்கி. ரெண்டும் வேண்டாம்."

மறுநாள் குர்லாவில் கடைக்காரர் ஸ்டூலை எடுத்துப் போட்டார். மைனி உட்காரவில்லை. ஒவ்வொரு ஷாக்காகத் தரையில் நிறுத்தி, இரண்டு கையாலும் அமுக்கி, மெல்ல மேலே இழுத்துப் பார்த்தார். கடைக்காரர் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டு, உள்ளே கிடந்ததையும் தானாகவே எடுத்துவந்து அடுக்க ஆரம்பித்தார். என் பங்குக்கு நான் நூல் போட்டு நீளம் அளந்தேன். மைனி ஒரு ஜோடியைத் தனியாக எடுத்து வைத்தார். ஒல்லியானது.

"இது காருக்கு உள்ளது மாதிரி இருக்கு, மைனி. தாங்காது" என்றேன்.

"நம்ம ஏத்துதது இரும்பா, தம்பி? அமுக்கும்போது விட்டுக்குடுக்கணும். வரும்போது பைய வரணும். இது வருது, பாருங்க."

பின்னாளில் ஒரு கம்பெனி மெக்கானிக் இதையே காகிதத்தில் படம் போட்டு எனக்கு விளக்கினார். படிக்காத மனுஷி, ஒரே ஒரு தடவை பின்னால் உட்கார்ந்து வந்து கண்டுபிடித்தாரே. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

அந்த ஒல்லி ஜோடியை மாட்டி, மைனியையும் சந்துப் பெண் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு உல்லாஸ்நகர் போனேன். சேட்டு டின்களைத் திறக்கத் திறக்க நான் உடைந்ததை எண்ணிக்கொண்டே வந்தேன். ஐந்தாவது டின்னில் இரண்டு உடைந்திருந்தது, ஏழாவதில் ஒன்று. அவ்வளவுதான். அடுத்த வாரத்துக்கு இன்னும் பத்து டின் கூடக் கேட்டார். ஷாக்கை யார் பார்த்து எடுத்தது என்றும் கேட்டார். யோசிக்கவே இல்லை, "மைனே" என்றது என் வாய். நான்தான் என்று இந்தியில். பக்கத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்தி நின்ற மைனி என்னை ஒரு தடவை பார்த்தார். "ஆமா, தம்பிதான் பாத்து எடுத்தாவ" என்று கூட வந்த சந்துப் பெண்ணிடம் சொன்னார்.

அதிலிருந்து தாராவியில் எனக்கு ஒரே பேர். டாக்ஸிக்காரர்கள்கூட ஷாக் எடுக்க என்னைக் குர்லாவுக்குக் கூட்டிப்போவார்கள். மைனி செய்த மாதிரியே அமுக்கி, இழுத்து, பெரிய ஆள் போலத் தலையாட்டுவேன். வீட்டுக்கு வந்தால் மைனி, "இன்னிக்கு யாருக்கு எடுத்துக் குடுத்தீக?" என்று விசாரிப்பார். குரலில் கேலி இருக்காது.

இப்போது அந்தச் சந்து இல்லை, அங்கே ஏழு மாடி நிற்கிறது. வண்டியை இரும்புக்கு எடைபோட்டாயிற்று. சேட்டு இல்லை, அந்த ஐந்து பெண்களில் ஒருவரும் இல்லை. அந்தக் காலத்து டாக்ஸிக்காரர்கள் எங்கே போனார்களோ. மைனி தவறிப்போனதுகூடப் பழங்கதை ஆகிவிட்டது. அவர் காது கேட்க, நாலு பேர் முன்னால் "நான் இல்லை, மைனிதான்" என்று சொல்ல எனக்கு முப்பது வருஷம் இருந்தது. ஒரு நாளும் சொல்லவில்லை.